வன்னியில் சொந்தக்காரர் வீடுகளைச் சுற்றி வர: விடுமுறைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வன்னிக்கு வருவோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, கொஞ்சம் மடுப் பக்கம். ஏழெட்டு வீடு, ஒரு வாரம், ஒரு குடும்பம் என்ற கணக்கில் பதில்கள் உள்ளன.

எந்தப் பக்கத்தால் தொடங்கி எந்தப் பக்கத்தால் முடிப்பது?

பெரும்பாலானோர் ஏ9 வீதியை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். கிளிநொச்சியில் தங்கி, அங்கிருந்து ஒவ்வொரு நாளும் முல்லைத்தீவுக்கும் நெடுங்கேணிக்கும் மல்லாவிக்கும் போய்த் திரும்புவதாக எழுதுவார்கள். மூன்றாம் நாளே எல்லாருக்கும் அலுத்துவிடும். அதே றோட்டால் போய் அதே றோட்டால் வருவதில் பாதிப் பகல் வானுக்குள் போகிறது.

வட்டமாகப் போங்கள். கிழக்குப் பக்கத்தால் ஏறி ஏ9 ஆல் இறங்குவதுதான் நல்லது. வவுனியாவில் தொடங்கி ஓமந்தை, புளியங்குளம் வரை ஏ9 இல் வந்து, வலப்பக்கம் நெடுங்கேணிக்குத் திரும்புங்கள். நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான், அங்கிருந்து ஏ34 வழியே முள்ளியவளை, தண்ணீரூற்று, முல்லைத்தீவு. பிறகு ஏ35 ஐப் பிடித்தால் முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் தாண்டிப் பரந்தன். பரந்தனிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். திரும்பும்போது கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், கனகராயன்குளம், வவுனியா. மல்லாவி, துணுக்காய் வீடுகளை மாங்குளம் சந்தியிலிருந்து மேற்கே போய்வரும் அரைநாள் பயணமாக இந்தக் கடைசிக் கட்டத்தில் செருகுங்கள். முழு வட்டமும் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். செட்டிகுளம், மடுப் பக்கம் யாராவது இருந்தால் அது வட்டத்துக்கு வெளியே. அதைத் தொடக்கத்திலேயே, வவுனியாவில் இருக்கும்போது முடித்துவிடுங்கள்.

படுக்கைக்கு மூன்று இடம் போதும்: வவுனியாவில் இரண்டு இரவு, முள்ளியவளை அல்லது முல்லைத்தீவில் இரண்டு இரவு, கிளிநொச்சியில் இரண்டு இரவு. ஒவ்வொரு இரவும் பெட்டி கட்டி அவிழ்ப்பதுதான் பிள்ளைகளையும் வயதானவர்களையும் சோர வைக்கிறது.

ஒரு நாளில் எத்தனை வீடு போகலாம்?

இரண்டு. மூன்றாவது வீடு தேத்தண்ணி வீடாக இருந்தால் மட்டும் மூன்று. தூரத்தை வைத்து எண்ணினால் ஐந்து வீடுகூடப் போகலாம் போலத் தெரியும். ஆனால் வன்னியில் ஒரு வீட்டுக்குப் போவது என்றால் முதல் அரை மணி நேரம் "ஆற்றை பிள்ளை, எப்ப வந்தனியள்" என்பதிலேயே போகும். பிறகு வளவு பார்க்க வேண்டும், புதிதாக நட்ட தென்னம்பிள்ளை பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் வருவார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் எழும்பினால் கோபித்துக்கொண்டு போவதாகத்தான் எடுப்பார்கள்.

விடிய 7 மணிக்கு வெளிக்கிட்டு முதல் வீட்டில் பதினொன்றரை வரை. மத்தியானச் சாப்பாடு இரண்டாவது வீட்டில். அங்கேயே நாலு மணி வரை முற்றத்து மர நிழலில் இருங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலம் இது. பன்னிரண்டுக்கும் மூன்றரைக்கும் இடையில் வெயிலும் புழுதியும் சேர்ந்து அடிக்கும்போது வீதியில் நிற்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. ஐந்தரைக்குள் தேத்தண்ணி வீடு, ஆறரைக்குள் படுக்கும் இடம்.

கொழும்பிலிருந்து எதில் வருவது?

தனியாகவோ இருவராகவோ என்றால் இரவு பஸ். கொழும்பிலிருந்து வவுனியா ஏறத்தாழ ஆறு மணி நேரம். எட்டு மணி பஸ்ஸில் ஏறினால் அதிகாலை இரண்டு மணிக்கு வவுனியா பஸ் நிலையத்தில் பெட்டியோடு நிற்பீர்கள். அதனால் பத்து மணிக்குப் பிந்திய பஸ்ஸைப் பாருங்கள். யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி வவுனியாவிலோ மாங்குளத்திலோ இறங்குபவர்கள் ஏறும்போதே நடத்துனரிடம் சொல்லி, போனிலும் அலாரம் வையுங்கள். நித்திரையில் ஆனையிறவு தாண்டியவர்கள் ஏராளம். முல்லைத்தீவுக்கு நேரடி பஸ் உண்டு. அது நெடுங்கேணியால் போகிறதா மாங்குளத்தால் போகிறதா என்று சீற் பதியும்போதே கேளுங்கள். கூட்டிப்போக வருபவர் தவறான சந்தியில் காத்து நிற்பது இதனால்தான்.

வடக்குப் பாதை ரெயினில் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எல்லாவற்றிலும் இறங்கலாம். சாமானோடு வருவோருக்கு அதுதான் சுகம். ஆனால் அண்மைய ஆண்டுகளில் திருத்த வேலைக்காக இந்தப் பாதை மாதக்கணக்கில் மூடப்பட்டதுண்டு. பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு பதியுங்கள்.

நாலு பேருக்கு மேல் என்றால் வான்.

வான் பேசும்போது எதைக் கவனிப்பது?

கொழும்பு வானை ஒரு வாரத்துக்குப் பேசாதீர்கள். வவுனியா வரை ஒரு ஓட்டம், அங்கிருந்து வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள வான். உள்ளூர்ச் சாரதிக்குக் கிரவல் றோட்டும் தெரியும், யானை கடக்கும் இடமும் தெரியும், இரவில் வீட்டுக்குப் போய்ப் படுத்தும்விடுவார்.

விலை கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்பதால்தான் கடைசி நாளில் பிரச்சினை வருகிறது. பின்வருவனவற்றைத் தனித்தனியாகக் கேட்டு, வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்: நாள் வாடகைக்குள் எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டீசல் யாருடையது, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, உங்களை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் ஓட்டத்துக்குக் காசு உண்டா. பிறகு வானைக் கண்ணால் பாருங்கள். மேலதிகச் சில்லில் காற்று இருக்கிறதா, ஏசி பின் சீற் வரை வருகிறதா, மேலே சாமான் கட்டக் கம்பி இருக்கிறதா. பின் சீற்றில் ஏசி வராத வானில் யூலை மாதம் பிள்ளைகளை ஏற்றுவது பாவம்.

போகும் வீட்டில் சாரதியையும் மேசைக்குக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொல்லும்போது அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு உரிமத்தோடு நானே ஓட்டலாமா?

வெளிநாட்டு உரிமம் மட்டும் போதாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக உரிமம் வேண்டும். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெற் கட்டாயம். ஊருக்குள்தானே என்று மச்சானின் சைக்கிளில் வெறுந்தலையோடு ஏறாதீர்கள். ஏ9 நேராகவும் வெறுமையாகவும் இருப்பதால் கால் தானாக அமர்த்தும். பொலிசார் வேகமானியோடு மர நிழலில் நிற்பார்கள்.

இருட்டிய பிறகு ஓடினால் என்ன?

ஓடாதீர்கள். முதல் காரணம் மாடு. பகலில் சூடேறிய தாரில் இரவில் மாடுகள் வந்து படுக்கும், எருமை என்றால் இருட்டோடு இருட்டாக இருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் இரண்டு விநாடியில்தான் விபத்து நடக்கிறது. இரண்டாவது யானை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோர வீதிகளிலும் மடு வீதியிலும் பொழுதுபட்ட பிறகு கவனம் வேண்டும். யானை வீதியில் நின்றால் ஹோர்ன் அடிக்கக் கூடாது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டக் கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, பின்னால் எடுக்க இடம் விட்டு, அது போகும் வரை இருங்கள். மூன்றாவது, ஓகஸ்டில் சிறுபோக வெட்டு நடக்கும் இடங்களில் வீதியோரத்தில் நெல் காயும். படங்கு மூடி, கல் வைத்திருப்பார்கள். இரவில் அந்தக் கல் தெரியாது. பகலில் போனாலும் நெல்லின் மேல் சில்லை ஏற்றாமல் விலத்திப் போங்கள்.

விலாசம் இருக்கிறது, ஆனால் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன செய்வது?

விலாசத்தை நம்பி வன்னியில் வீடு பிடிக்க முடியாது. புளியங்குளம் என்று ஒரு ஊர்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். புதுக்குடியிருப்பு மன்னாரிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. பெயரோடு மாவட்டத்தையும் கிட்டிய சந்தியையும் கேளுங்கள். புதுக்குடியிருப்பில் வட்டாரம் கேட்க வேண்டும். உருத்திரபுரம் பக்கம் எத்தனையாம் வாய்க்கால் என்று கேட்க வேண்டும். ஏ9 கரையோரம் என்றால் 155ஆம் கட்டை என்பது போலக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பிறகு ஒரு அடையாளம்: குளக்கட்டு, முன்பள்ளி, சனசமூக நிலையம், நெல் மில். வீட்டுத்திட்ட வீடுகள் ஒரே மாதிரி இருப்பதால் மதில் நிறத்தையும் கேற்றையும் கேட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும் விடச் சுலபமானது, வீட்டார் தங்கள் முற்றத்தில் நின்று வட்ஸ்அப்பில் அனுப்பும் இடக்குறி. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் காட்டுப் பகுதிகளில் சிக்னல் அறும். முதல் நாள் இரவே வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். போன் காட்டும் குறுக்குப் பாதையை அப்படியே நம்ப வேண்டாம். காட்டுக்குள்ளாலும் குளக்கட்டின் மேலாலும் போகும் உழவு மெசின் பாதைகளை அது றோட்டு என்று காட்டும். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் மணலில் சில்லுப் புதைந்தால் உழவு மெசின் வந்துதான் இழுக்க வேண்டும்.

எந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்?

தவிர்க்க வேண்டியதும் உண்டு, வேண்டுமென்றே போக வேண்டியதும் உண்டு. யூலை நடுப்பகுதியில் ஆடிப்பிறப்பு. அன்று போனால் கூழும் கொழுக்கட்டையும் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆடி அமாவாசை அன்று தகப்பனை இழந்தவர்கள் விரதம்; காலையில் தீர்த்தக் கரையில் இருப்பார்கள், பின்னேரம் போங்கள். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. அதற்கு முந்திய நாட்களிலிருந்தே மடு வீதியும் வவுனியா, மன்னார் பஸ்களும் நிறைந்திருக்கும். திருவிழாவுக்காகவே போவதென்றால் சரி, வழியில் எட்டிப் பார்ப்பதென்றால் வேறு வாரம். நல்லூர்க் கொடி ஏறிய பிறகு 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை.

சிறுபோகம் செய்த வீடு என்றால் வெட்டு எப்போது என்று கேட்காமல் நாள் குறிக்காதீர்கள். வெட்டு மெசின் வரும் நாள் அவர்கள் கையில் இல்லை. மெசின்காரர் வா என்றால் வீடே வயலுக்குப் போய்விடும். இரணைமடுவின் கீழ் உள்ள வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பக்கங்களில் ஓகஸ்டில் இது சாதாரணம். வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தாலும் அப்படித்தான். புலமைப்பரிசில் பரீட்சை வழக்கமாக ஓகஸ்ட் அளவில் வரும். பரீட்சை முடிந்த பிறகு போனால் தாய்க்கும் நிம்மதி, பிள்ளைக்கும் நிம்மதி.

சொல்லாமல் போகலாமா? சாப்பாடு வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லாமல் போனால் சந்தோசப்படுவார்கள். ஆனால் உடனே ஒருவர் கோழி பிடிக்க ஓடுவார், இன்னொருவர் சைக்கிளில் சோடா வாங்க ஓடுவார். இரண்டு நாளுக்கு முன் போன் எடுத்து மூன்று விசயம் சொல்லுங்கள்: எத்தனை பேர், யார் மச்சம் சாப்பிட மாட்டார்கள், எந்த நேரத்துச் சாப்பாடு. "சாப்பாடு ஒண்டும் வேண்டாம் மாமி" என்பது பலிக்காது. "மத்தியானம் சித்தி வீட்டை, உங்கடை வீட்டை பின்னேரத் தேத்தண்ணிக்கு வாறம்" என்றால் பலிக்கும். சண்டையும் வராது, வயிறும் தாங்கும். ஒரே ஊரில் மூன்று வீடு இருந்தால் மூத்தவரின் வீட்டில் சாப்பாடு. இதில் மாற்றம் செய்தால் அடுத்த வருசமும் கதைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சைவம். கேட்கத் தேவையில்லை.

என்ன வாங்கிக்கொண்டு போவது?

கிராமத்தில் விளைவதை வாங்கிப் போகாதீர்கள். வாழைப்பழமும் தேங்காயும் அவர்கள் உங்களுக்குத் தந்துவிடுவார்கள். வவுனியாவில் அப்பிளும் முந்திரிகையும் பிஸ்கற் ரின்னும் வாங்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பால்மா, கண்ணுக்கும் காலுக்கும் உதவும் ரோர்ச். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வாகனமும் நிற்கும். அங்கு வறுத்த கச்சான் நாலைந்து பை கூடுதலாக வாங்கி வையுங்கள், எதிர்பாராத வீட்டுக்கு உதவும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் உடுப்பு, சொக்லேற் என்பவற்றை வீட்டுக்கு வீடு பெயர் எழுதிப் பைகளில் பிரித்துப் பூட்டுங்கள். ஒரு வீட்டின் முற்றத்தில் பெரிய பெட்டியைத் திறந்து பிரிக்கத் தொடங்கினால், அடுத்த வீட்டுக்கு மிஞ்சுவது என்னவென்று அங்கேயே கணக்குப் பார்த்துவிடுவார்கள். சொக்லேற் இந்த வெக்கையில் கூழாகும்.

காசு கொடுப்பதானால் உறையில், புறப்படும் நேரத்தில், வீட்டின் பெரிய பெண்மணியின் கையில்.

போன முறைக்குப் பிறகு செத்தவீடு நடந்த வீட்டுக்கு எப்படிப் போவது?

பட்டியலில் அந்த வீட்டை முன்னுக்கு வையுங்கள். துக்கம் விசாரிக்கச் செவ்வாய், வெள்ளிகளில் போவதில்லை. 31 நாள் முடியாத வீடு என்றால் துடக்கு (தீட்டு) உண்டு. கோயில் நேர்த்தி இருந்தால் அதை முடித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போங்கள். புறப்படும்போது "போட்டு வாறம்" என்று சொல்லாமல் எழும்ப வேண்டும். பிள்ளைகளுக்கு இதை வானுக்குள்ளேயே சொல்லி வையுங்கள்.

இதைவிடக் கவனமான விசயம் ஒன்று. 2009 இல் யாரை இழந்தார்கள், யாரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை என்பதை வேறொரு உறவினரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் அவரை இறந்தவராகக் கதைக்கக் கூடாது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளில் இருந்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த தாய்மார் இத்தகைய வீடுகளைச் சேர்ந்தவர்கள். சுவரில் படம் இருக்கும், மாலை இருக்காது. அந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டு வாயைத் திறவுங்கள். "அப்ப என்ன நடந்தது?" என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். சொல்ல விரும்பினால் அவர்களே தொடங்குவார்கள். அப்போது நேரம் பார்க்காமல் இருந்து கேளுங்கள்.

தண்ணீர் எதைக் குடிப்பது? பிள்ளைகளுக்கு வயிறு குழம்பினால்?

வன்னியின் பல கிணறுகளில் கல்லுத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் ஒரு பெரிய பிரச்சினையாக இருப்பதால் ஊர் வீடுகளே வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்கிக் குடிக்கின்றன. நீங்களும் அப்படியே. ஐந்து லீற்றர்ப் போத்தல் இரண்டு எப்போதும் வானில் இருக்கட்டும். வீட்டார் தரும் தேத்தண்ணி கொதித்தது, பயமில்லை. ஐஸ் போட்ட சர்பத்தை நாசூக்காகத் தள்ளிவிட்டு இளநீர் கேளுங்கள்.

வயிற்றோட்டம் என்றால் பாமசியில் ஜீவனிப் பக்கற் (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்). ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். கப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் உப்பின் அளவு பிழைக்கும். 24 மணி நேரத்துக்குள் முடியாததை ஊற்றிவிடுங்கள். பிள்ளை சிறுநீர் கழிக்காமல் சோர்ந்தால் காத்திருக்க வேண்டாம்: வவுனியா, மாங்குளம், கிளிநொச்சியில் வைத்தியசாலை உண்டு; முல்லைத்தீவுப் பக்கத்துக்கு மாஞ்சோலை வைத்தியசாலை. 1990 க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சொந்தக்காரர் வீட்டில் படுப்பதா, விடுதியில் படுப்பதா?

இரண்டு பேர் என்றால் வீட்டில். ஏழு பேர் என்றால் விடுதி, சாட்டு எதுவும் தேடாமல். ஓகஸ்டில் கிணற்று நீர் கீழே போயிருக்கும். ஏழு பேர் காலையும் மாலையும் குளித்தால் வீட்டுக்காரரின் இரண்டு நாள் தண்ணீர் போய்விடும், அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். வீட்டில் படுத்தால் நுளம்பு வலையை நீங்களே கொண்டு போங்கள். முழங்கால் நோக்காட்டுக்காரர் இருந்தால் கொமட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரவில் முற்றத்துக்கு இறங்கும்போது ரோர்ச்சும் செருப்பும் கட்டாயம். புடையன் பாம்பு வீட்டு முற்றத்துக்கும் வரும்.

பிள்ளைகள் குளத்திலும் கடலிலும் குளிக்கலாமா? காட்டுக்குள் பழம் பிடுங்கலாமா?

குளத்தில் முதலை உண்டு. ஊரவர் குளிக்கும் துறையில், ஊரவரோடு, கரையோடு. வாய்க்காலில் குளிப்பது இதைவிட நல்லது. கடலில் எந்த இடம் சரி என்பதை அங்குள்ள கடற்றொழிலாளரிடம் கேளுங்கள்.

பாலைப்பழம், வீரைப்பழம் சந்தியில் வாங்கலாம். அதற்காகக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றி முடிக்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத பற்றைக்குள்ளும் பாதையை விட்டு விலக வேண்டாம். இரும்புத் துண்டு எதைக் கண்டாலும் தொடாமல், இடத்தை நினைவில் வைத்து வந்த அடியால் திரும்பி, 119 க்குச் சொல்லுங்கள்.

அனுமதி ஏதும் தேவையா?

இல்லை. ஓமந்தையில் இறங்கி வரிசையில் நின்ற காலம் முடிந்துவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் இன்னும் கேட்பார்கள், சமாதானம் சொல்லுங்கள். ஆனால் கடவுச்சீட்டின் பிரதி கையில் இருக்கட்டும், வீதியில் மறித்தால் காட்டலாம். முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் பறக்க விட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

திரும்பும்போது எவற்றைக் கொண்டு போகலாம்?

தேன், ஒடியல் மா, மோர்மிளகாய், முல்லைத்தீவுக் கருவாடு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் பிரித்தானியாவுக்கும் தனிப்பட்ட பாவனைக்குத் தேன் 2 கிலோவும், கருவாடு உட்பட மீன் 20 கிலோவும் வரை கொண்டு போகலாம். இறைச்சி, நெய், தயிர் என்பன கூடாது. கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். தேன் போத்தலின் மூடியை ரேப்பால் சுற்றி, பொலித்தீன் பை இரண்டுக்குள் வைத்து, பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் கட்டுநாயக்காவில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். கருவாட்டை இரண்டு நாள் நன்றாக வெயிலில் காய விட்டு, கடதாசியில் சுற்றி, காற்றுப் புகாத ரின்னில் அடையுங்கள். ஈரக் கருவாட்டைப் பொலித்தீனில் கட்டினால் ஊர் போய்ச் சேர முன்னமே பூஞ்சணம் பிடிக்கும், பெட்டியில் உள்ள அத்தனை உடுப்பும் மணக்கும்.